உளியும் ஊசியும்

கேள்வி: மாமல்லபுரம் பக்கம் பியூட்டி பார்லரிலேயே போடாக்ஸ், ஃபில்லர் ஊசியெல்லாம் போடுகிறார்களாமே? இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாதா?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: ஏன் இல்லாமல்? மாமல்லபுரத்தில் கல்லுக்கு மூக்கு செதுக்கவே 1957 முதல் அரசுக் கல்லூரி நடக்கிறது, நான்காண்டுப் படிப்பு. உயிருள்ள மூக்குக்கு மட்டும் மூன்று நாள் பயிற்சியும் சுவரில் மாட்டிய சான்றிதழும் போதுமா? உளி தவறினால் வேறு கல் எடுக்கலாம். ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகும், பார்வையே போகலாம். உடனே அதைக் கரைக்கும் மருந்து போட ஆள் வேண்டும். ஃபேஷியல் போடும் அக்காவைக் குறை சொல்லவில்லை. ஊசி போடுவது அவர் வேலை இல்லை.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது: பயிலரங்கில் வேடிக்கை பார்ப்பதும் யூடியூப் பார்ப்பதும் பயிற்சி ஆகாது. இதையும் எழுதிச் சொல்ல வேண்டிய காலம்! தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்ய 1997 சட்டம் இருக்கிறது. விதிகள் வர 2018 ஆனது. அவசரமே இல்லை பாருங்கள்.

2024 டிசம்பரில் திருச்சியில் பச்சை குத்தும் கடையில் நாக்கைப் பிளந்துவிட்டவர்கள் கைதானார்கள், கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. நாக்கு பிளந்த பிறகுதான் சீல். இங்கிலாந்தில் 2021 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசிகளைப் போடுவதே குற்றம். நாமும் அப்படி ஒரு வரி எழுதலாம்.

அதுவரை, ஊசியோடு வருபவரிடம் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் சுளித்தால், அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.