இன்னும் ஓடும் அண்ணன்

செயினைச் செருப்புக் காலால் ஒரு தட்டு. அது தொங்கி ஆடும். ஆடி அடங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "இன்னும் ஓடும்."

உச்சிப்புளியில் எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் அண்ணன் அங்கே இருப்பார். மெக்கானிக்கும் இல்லை, வண்டியை ரிப்பேருக்கு விட்டவரும் இல்லை. பக்கத்தில் டீ குடிக்க வந்தவர். நாம் ஸ்டாண்டு போடுவதற்குள் அவர் கால் நம் செயினுக்குப் போய்விடும். மெக்கானிக் தம்பி, "செட்டா மாத்திடலாம்ணே" என்று வாயெடுத்ததும் இவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். "அவன் அப்படித்தான் சொல்லுவான். ரெண்டு கண்ணியை எடுத்து விடு, இன்னும் ஓடும்."

கண்ணி எடுப்பதுதான் அண்ணனின் சர்வரோக நிவாரணி. செயின் தொங்கினால் ஊரில் எல்லாரும் பின்வீல் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி, வீலைப் பின்னுக்கு இழுத்து டைட் வைப்பார்கள். இழுக்க இடமில்லாமல் கோடு தீர்ந்துவிட்டால் செயினின் காலமும் தீர்ந்தது என்று விட்டுவிடுவார்கள். அண்ணனுக்கு அங்கேதான் கதையே ஆரம்பம். பின்னை அடித்துத் தள்ளி, ரெண்டு கண்ணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்புறம் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். அப்புறம் இன்னும் ரெண்டு கண்ணி. இந்தக் கணக்குப்படி போனால் கடைசியில் வீல் இஞ்சினுக்குள்ளேயே போய்விடாதா என்று கேட்டால், "நீ படிச்சவன், அப்படித்தான் பேசுவ" என்பார்.

படித்ததைச் சொல்லியும் பார்த்தாயிற்று. செயின் ரப்பர் மாதிரி இழுபடுவது கிடையாது. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, மயிரிழை மயிரிழையாக இடைவெளி கூடி, அத்தனையும் சேர்ந்துதான் தொங்குகிறது. அரை இஞ்ச் கண்ணி உள்ள 428 செயினில் 20 கண்ணியை அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர். அது 259-ஐத் தாண்டினால் தூக்கி எறிய வேண்டியதுதான். ரெண்டு கண்ணியை எடுத்தால் மொத்த நீளம் குறையும். மிச்சமிருக்கும் நூறு கண்ணியின் இடைவெளி குறையுமா? கண்ணி பல்லின் அடியில் உட்காராமல் நுனிக்கு ஏறும். ஏறி ஏறி ஸ்பிராக்கெட் பல்லெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாப் பல் ஆகிவிடும். இதையெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்து காட்டினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "ஸ்கேலை வெச்சு அளந்து பாத்துட்டா தம்பி வண்டி ஓட்டுறானுக?" என்றார்.

அந்த ஸ்பிராக்கெட் இருக்கிறதே, அதில் அண்ணன் தவணை முறை. சித்திரையில் செயின் மட்டும். பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும். ஆடியில் முன் ஸ்பிராக்கெட் மட்டும். முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால் பின்னது ஒரு சுற்றுக்கு முன்னது மூன்று சுற்றுகிறது. அதனால் அது முதலில் தேய்வது நியாயம்தான். ஆனால் அதற்குள் செயின் பழசாகியிருக்கும், அது புதுப் பல்லைத் தின்னும். ஐப்பசியில் பின்னது. மூன்றையும் ஒன்றாக மாற்ற ஆயிரத்துச் சில்லறை ஆகும். கோயம்புத்தூர் ரோலான், சென்னை டைமண்ட் என்று நம்ம ஊர்ச் சரக்கே கிடைக்கிறது. அண்ணன் அந்தக் காசை மிச்சம் பிடித்த வகையில் ஒரு வருஷத்தில் அதற்கு மேலேயே செலவழித்திருப்பார். ஒருமுறை மச்சினன் மொபெட்டில் கழற்றிய 420 செயினைத் தன் வண்டிக்குக் கொண்டுவந்தார். "அரை இஞ்ச்தானே ரெண்டும்!" கண்ணி நீளம் சரி, அகலம்? பல்லின் மேல் உட்காரவே மாட்டேனென்றது. மெக்கானிக் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அண்ணே, அது ஃபோர் ட்வென்டிண்ணே" என்றான்.

வேஸ்ட் ஆயில் விவகாரத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஊற்றுவார், மணல் ஒட்டும், அரைக்கும். எங்கள் ஊர்க் காற்றுக்கு அது கூடாது. கச்சான் அடித்தால் தென்கடல் உப்பு, வாடை அடித்தால் வடகடல் உப்பு. மீன் பெட்டி ஏற்றும் எக்ஸ்.எல். வண்டிகளைப் பாருங்கள், ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் செயின் செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும். அண்ணன் வண்டியில் கவரும் கிடையாது. கண்ணி எடுக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு இந்த ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். அண்ணனைப் பார்த்திருந்தால் அவர் பெல்ட்டுக்கு மாறியிருப்பார்.

ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு அரியமான் பக்கம் யாருக்காவது செயின் அறுந்தால், கூப்பிட்டதும் வருகிற ஆள் அவர் ஒருவர்தான். சட்டைப் பையைக் கொட்டினால் அதில் கண்ணி, செயின் லாக், ஒரு சின்னப் பிளையர். செல்போன் வெளிச்சத்தில் மண்ணில் உட்கார்ந்து மாட்டிக் கொடுப்பார். லாக்கின் மூடிய முனை ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளவு பின்னால் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவர் கை தப்பியதே இல்லை. காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார்.

அவர் செயின் அறுந்தால்? எனக்குப் போன் வரும். பெருங்குளத்திலிருந்து உச்சிப்புளி வரை என் வண்டியை ஓட்டிக்கொண்டே, அவர் ஃபுட்ரெஸ்ட்டில் காலைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வருவேன். அவர் முன்னால் ஜம்மென்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரம் போகிறவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வருவார். முட்டி வலி போகட்டும். காலையில் அதே வண்டியில்தான் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். ஓட்டத்தில் அறுந்த செயின் எப்போதும் மரியாதையாக ரோட்டில் விழாது. முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு சிக்கினால் இஞ்சின் கேசிங்கை உடைக்கும், பின்வீலை அப்படியே பிடித்து நிறுத்தும். பின்னால் லாரி வருகிற தேசிய நெடுஞ்சாலை அது. பிள்ளை பின்சீட்டில். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அவர் வீட்டு வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன். அண்ணி உள்ளேயிருந்து, "நல்லாக் கேளுங்க தம்பி" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுவாரம் நான் என் வண்டிக்குப் புது செட் மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார், காலை நீட்டவில்லை. புதுப் பல்லைக் குனிந்து பார்த்தார், நல்ல சாமான் என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெக்கானிக் தம்பி காதில் விழாதபடி கேட்டார்:

"கழட்டுனது எங்க தம்பி? நம்ம வண்டியில ரெண்டு கண்ணி கூடுதலா எடுத்துட்டேன்."