ஷார்ட்டேஜ்: எழுவாய் இல்லாத ஒரு சொல்லின் இலக்கணம்

தமிழில் இல்லாததைச் சொல்ல ‘இல்லை’ ஒன்றே போதும். போதாதென்றால் குறைவு, பற்றாக்குறை, தட்டுப்பாடு, பஞ்சம் என்று அளவுக்கேற்ற சொற்கள் இருக்கின்றன. இத்தனை இருந்தும் கல்லாப்பெட்டி, கல்லூரி அலுவலகம், கட்டட வேலை நடக்கும் இடம் என எங்கும் ‘ஷார்ட்டேஜ்’ கோலோச்சுவது ஆய்வுக்குரியது. சொல் கிடைக்காமல் வாங்கிய கடன் இல்லை இது என்பது மட்டும் உறுதி.

முதலில் வினைமுடிபைப் பார்க்க வேண்டும். “எம்சாண்ட் ஷார்ட்டேஜ் ஆயிடுச்சு”, “ஆள் ஷார்ட்டேஜ் வந்துடுச்சு”, “கணக்குல இருநூறு ரூபா ஷார்ட்டேஜ் விழுது.” ஆகும், வரும், விழும். ஷார்ட்டேஜை யாரும் ‘செய்வது’ கிடையாது. திணை அஃறிணை, ஆனால் மழையைப் போலத் தானாக வந்து இறங்கும். “எம்சாண்ட் இல்லைங்க” என்று மேஸ்திரி சொன்னால், “முன்னாடியே ஏன் சொல்லி வைக்கல?” என்று வீட்டுக்காரர் பாய்வார். “ஷார்ட்டேஜ் சார்” என்று சொன்னால், “எப்ப சரியாகும்?” என்பதோடு நிறுத்திக்கொள்வார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் மேஸ்திரி தப்பிக்கிறார். சொல்லின் பயன்பாடு பற்றி இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்றாலும், ஆய்வு என்று தொடங்கிவிட்டதால் தொடர வேண்டியிருக்கிறது.

குறைவு என்னும் பொருள்தரும் ‘ஷார்ட்’டோடு ‘ஏஜ்’ விகுதி சேர்ந்தது இச்சொல். அந்த விகுதிக் குடும்பமே ஆளைக் காட்டிக்கொடுக்காத குடும்பம். லீக்கேஜ், பிரேக்கேஜ், வேஸ்டேஜ் எல்லாம் நெருங்கிய பங்காளிகள். நகைக்கடையில் வேஸ்டேஜ் எத்தனை சதவீதம் என்று அரை மணி நேரம் பேரம் பேசுபவர்கூட, அந்தத் தங்கத்தை வேஸ்ட் செய்தது யார் என்று கேட்பதில்லை.

தங்கம் என்றதும் பொருளியலாளர்கள் குறுக்கிடுவார்கள். அரிதாக இருப்பது வேறு, ஷார்ட்டேஜ் வேறு என்பது அவர்கள் கட்சி. தங்கம் அரிது; ஆனாலும் கேட்ட விலையைக் கொடுத்தால் உடனே கிடைக்கும். சொன்ன விலைக்கு வாங்க ஆட்கள் காத்திருந்தும் கொடுக்கப் பொருள் போதாவிட்டால்தான் ஷார்ட்டேஜ். சுருக்கமாக, க்யூ இல்லாமல் ஷார்ட்டேஜ் இல்லை. ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்நாய் 1980இல் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். சோஷலிசப் பொருளாதாரத்தில் தட்டுப்பாடு ஏதோ அதிகாரிகளின் கைத்தவறு அல்ல, அமைப்பின் சுபாவமே அது என்பது அவர் வாதம். சோவியத் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தட்டுப்பாட்டைக் குறிக்கும் ‘தெஃபித்சித்’ என்ற சொல்லையே, கிடைக்காத பொருளுக்குப் பெயராக்கிவிட்டார்கள். ஆகவே இல்லாமையைக் கடையில் வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது.

சொன்னாலே வந்துவிடும் தன்மையும் இச்சொல்லுக்கு உண்டு. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் அமெரிக்கர்கள் பெட்ரோலுக்காக அலைந்துகொண்டிருந்த நேரம். அரசு வாங்க நினைத்த அளவுக்குக் கழிப்பறைக் காகிதம் கிடைக்கவில்லை என்று விஸ்கான்சின் மாநில எம்.பி. ஹெரால்ட் ஃப்ரோலிக் டிசம்பரில் அறிக்கை விட்டார். அதைப் பிடித்துக்கொண்டு டிசம்பர் 19 அன்று தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நகைச்சுவையாளர் ஜானி கார்சன் ஒரு ஜோக் அடித்தார். சிரித்து முடித்த நேயர்கள் கடைக்கு ஓடினார்கள், அலமாரிகள் காலியாயின. ஆலைகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அதே நிகழ்ச்சியில் கார்சனே விளக்கம் சொல்ல நேர்ந்தது. ‘தட்டுப்பாடாம்’ என்று கேள்விப்பட்டு ஆளுக்கு நாலு கட்டு வாங்கினால், வதந்தி உண்மையாகிவிடுகிறது. இதில் எழுவாய் யார்? எம்.பி.யா, கார்சனா, நாலு கட்டு வாங்கியவரா? ஷார்ட்டேஜ்தான்.

கல்லூரியில் இலக்கணம் தலைகீழாகிறது. அங்கே குறைகிற பொருள் மாணவரே. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் மாட்டிக்கொண்டவரை மருத்துவச் சான்றிதழ் போன்றவை கரையேற்றலாம். ஆக, நூறு வகுப்பில் 25க்கு வராதவர் முழுமையான மாணவர். 26க்கு வராதவர் ஷார்ட்டேஜ். அந்த ஒரு வகுப்பில் அப்படி என்ன நடத்தினார்கள் என்பது தனி ஆய்வு.

இலங்கையில் 2022 மார்ச்சில், மாணவர்கள் இருந்தார்கள், காகிதம் இல்லை. இறக்குமதி செய்ய டாலர் இல்லாததால் மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் புழங்கிய சொல் தட்டுப்பாடு. எரிபொருள், எரிவாயு, மருந்து என்று அது நீண்டுகொண்டே போனது. அங்கே மட்டும் மக்கள் “எப்ப சரியாகும்?” என்பதோடு நிற்கவில்லை, எழுவாயைத் தேடித் தெருவில் இறங்கினார்கள். ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார்.

மற்ற இடங்களில் எழுவாய் கீழ்ப்படியில்தான் அகப்படுகிறது. ஊருக்கே ரூபாய் நோட்டு ஷார்ட்டேஜ் என்றால் அது ‘சூழ்நிலை’. காசாளரின் கல்லாவில் ஐந்நூறு ஷார்ட்டேஜ் என்றால், அன்று மாலையே அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். ஐந்நூறு கூடுதலாக இருந்தால் அது அவருக்குக் கிடையாது. தனிக் கணக்குக்குப் போய்விடும்.

தெரு கிரிக்கெட்டில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டிருக்கிறார்கள். ஆள் ஷார்ட்டேஜ் என்றால் ஒரு பையனை ‘காமன்’ என்று அறிவித்து இரண்டு பக்கமும் ஆட விடுவார்கள். சில ஊர்களில் அவன் பெயர் ‘ஜோக்கர்’. எந்த அணி தோற்றாலும், “அவன் அந்த கேட்சை விட்டதாலதான்” என்று அவனைக் கைகாட்டிவிடலாம்.