மாமியோடு பார்த்த கிரகணம்

ஸ்காபரோ, கனடா
13.04.2024

அன்புள்ள மச்சானுக்கு,

பெருநாள் நல்லபடியாக் கழிஞ்சது. உங்கட உம்மாவும் சுகம். மருதமுனையில நான் மாமி வீட்டு மாப்பிள்ளை. இங்க மாமி என்ட வீட்டு விருந்தாளி. அதிகாரம் மட்டும் கடல் தாண்டியும் கை மாறல்ல.

ஏப்ரல் 8ஆம் திகதி முழுச் சூரிய கிரகணம். டொரொண்டோவில 99 வீதத்துக்கு மேல மறையுமாம், முழுசாப் பார்க்க நயாகராவுக்குப் போகணுமாம். அந்தச் சொட்டுக்காக நூறு கிலோமீட்டருக்கு மேல பெற்றோல் எரிக்கணுமா எண்டு கேட்டன். "ஒரு பொட்டு மிஞ்சினாலும் பகல் பகல்தான் வாப்பா" எண்டான் மகன். பள்ளிக்கூடமும் லீவு. வெளிக்கிட்டோம்.

நயாகராவில பத்து லட்சம் சனம் வரலாமெண்டு பயந்து, மார்ச் கடைசியிலேயே அவசரகால நிலை போட்டிருந்தாங்க. இதைக் கேட்டதும் மாமிக்கு முகம் மாறிட்டு. "ஆமி மறிப்பானா மகன்? ஐடென்டிகாட் எடுத்தீங்களா?" ரோட்டு அடைபடுமெண்டு போட்ட அவசரகாலம் எண்டு சொன்னன். மருதமுனையில இருந்து வந்த மனுசி அதை நம்புவாவா? வழி நெடுக பாஸ்போட் மடியிலதான்.

ஆத்தில போன ஒரு கப்பலில 309 பேர் சூரியன் மாதிரி உடுத்திக்கொண்டு கின்னஸ் சாதனை செஞ்சாங்க. மேலே நிசச் சூரியனைக் காணல்ல, ஒரே மேகம். கிரகணக் கண்ணாடியைப் போட்டா உள்ளங்கையும் தெரியாது. ஆனாலும் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாங்க.

3.18க்கு ஒரேயடியா இருண்டுட்டு. குளிர் காத்து அடிச்சுது, தெரு விளக்கு பத்திச்சு. மேகம் விலகின இடைவெளியில கறுத்த வட்டமும் அதைச் சுத்தி வெள்ளி விளிம்பும் தெரிஞ்சுது. சனம் கத்தின கத்தில நீர்வீழ்ச்சிச் சத்தமே அமுங்கிட்டு. சின்னவள் என்ட சட்டையை இழுத்து, "வாப்பா, நோன்பு திறக்கலாமா?" எண்டாள். மாமி கதிரையில இருந்தபடி கிரகணத் தொழுகையில இருந்தா. ஒரு ரக்அத்தில ரெண்டு ருகூ, ஓதுறதும் நீட்டு. ஸலாம் குடுக்கையில சூரியன் வெளிய வந்துட்டு.

"பார்க்கல்லயே மாமி!"

"55இலயே பார்த்தாச்சு."

அப்பதான் கதை வந்திச்சு. 1955 ஜூன் 20. மாமிட வாப்பா சாரன் யாவாரத்துக்காகப் பொலன்னறுவையில இருந்த காலம். காலை எட்டு மணி வாக்கில இருண்டு, கோழியெல்லாம் கூட்டுக்குள்ள போயிட்டாம். ஹிங்குராக்கொடையில வெள்ளக்காரன் கிரகணம் பார்க்கக் குழாய் நட்டு வச்சிருந்தானாம். கிரகண நேரத்தில வசம்பு குடிச்சா வெள்ளையாகலாமெண்டு கதை கிளம்பி, குடிச்ச பொண்டுகள் ஆஸ்பத்திரியில கிடந்தாங்களாம். "முத்தத்தில நிண்டு சும்மா பார்த்தது. இதுக்குப் பார்க்கிங் காசு வேறயா?"

திரும்பி வரக்குள்ள ரோட்டு முழுக்க வாகனம். நாங்க எறும்பு மாதிரி ஊர்ந்து வர, மகரிபு காருக்குள்ளயே வந்திட்டு. ஈத்தம்பழமும், பிளாஸ்கில கொண்டுவந்த கஞ்சியும். கஞ்சியில பாதி சீற் கவருக்கு.

அண்டைக்கு எங்களுக்கு 29ஆம் நோன்பு. வாட்சப்பில பிறைச் சண்டை தொடங்கிட்டு: கண்டதாம், காணல்லயாம். மச்சான், பட்டப்பகலில சந்திரன் சூரியனுக்கு முன்னால நிண்டதை ஊரே அண்ணாந்து பார்த்திச்சு. அது விலகிச் சில மணித்தியாலத்தில எந்தக் கண்ணுக்குப் பிறை தெரியும்? மகன் இதைப் படம் கீறி அனுப்பினான். அனுப்பினதும் சண்டை கூடிச்சுது. கடைசியில 30ஐயும் பிடிச்சுப் புதன்கிழமை பெருநாள் எடுத்தம்.

இனி முக்கியமான விசயம். 2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி மக்காவில முழுக் கிரகணமாம், அஞ்சு நிமிசம் இருட்டுமாம். மகன் வாய் தவறி மாமிக்கிட்டச் சொல்லிட்டான். உம்ராவுக்கு நிய்யத்து வச்சாச்சு, "பாதிச் செலவு என்ட மகன் தருவான்" எண்டும் சொல்லியாச்சு. ஆகஸ்ட் வெயிலைச் சொல்லிப் பார்த்தன், கிரகணத்தில குளிருமாம்.

இப்பவே சீட்டுப் பிடிங்க.

உங்கட மச்சான்