ஸ்காபரோ அடுக்குமாடியில் ஏழுபுள்ளிக் கரப்பான் வளர்ப்பு: ஒரு முதற்கட்ட ஆய்வு

தேரியா பெட்டிவேரியானா எனப்படும் ஏழுபுள்ளிக் கரப்பானை ரொறன்ரோவில் வளர்க்க விரும்புவோருக்குத் தலையாய இடையூறு உணவும் அன்று, குளிரும் அன்று, மாமி. ஈரப்பதத்தைப் பக்கம் பக்கமாக ஆராயும் வளர்ப்புக் கையேடுகள் இந்தக் காரணியைத் தொடவே இல்லை. இக்கட்டுரை தொடுகிறது.

பூச்சிக்குப் பூர்வீகம் தென்னிந்தியப் புதர்க்காடு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். அதே நாட்டில் ஆறுபுள்ளித் தரைவண்டு ஒன்று உண்டு. சீண்டினால் அமிலம் பீய்ச்சும். அந்த முரடனின் வேடம் போட்டே இந்தச் சாது பிழைக்கிறது என்பது பூச்சியியலாரின் ஊகம். வேடம் மனிதரிடமும் பலித்திருக்கிறது. வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸ் 1758இல் இதற்குப் பெயரிட்டபோது, ஆமைவண்டுகளுக்குரிய கசிடாப் பேரினத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆகவே, "உது கரப்பொத்தான் எல்லே?" என்று மாமி கேட்டால், "இல்லை மாமி, வண்டு" என்பது பொய் ஆகாது. சற்றே காலாவதியான அறிவியல், அவ்வளவுதான்.

இனி வளர்ப்பு. மூடியில் காற்றுத்துளை இட்ட பிளாஸ்டிக் பெட்டி. அடியில் நாலு விரற்கடை தென்னந்தும்புத் தூள். தோட்டக் கடைகளில் அழுத்திய கட்டியாகக் கிடைக்கும், இலங்கையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். மேலே சருகு. இவ்விடத்தில் ஆய்வாளர் சற்று நின்று பெருமைப்பட அனுமதி உண்டு: குஞ்சுகள் தும்புக்குள் புதைந்திருந்து சருகைத் தின்றே வளரும், ரொறன்ரோவில் இலையுதிர்காலத்தில் மலிந்தது மேப்பிள் சருகு. வந்த நாட்டின் தேசியச் சின்னத்தை இவ்வளவு முழுமையாக உள்வாங்கிய குடியேறி வேறு எவருமில்லை. புல்வெளியின் அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பதை ஒன்ராறியோ 2009இல் தடைசெய்துவிட்டதால், பொறுக்கிய சருகைப் பற்றி அதிகம் அஞ்சவேண்டியதில்லை.

குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 பாகை செல்சியஸ் வெப்பமாவது இருக்கவேண்டும் என்பது நகரச் சட்டம். அதில் உயிர் தங்கும். பெருக இன்னும் நாலைந்து பாகை கூடவேண்டும். ஹீற்றர் காற்று எல்லாவற்றையும் காயவைக்கும் என்பதால் பெட்டியின் ஒரு பக்கத்துக்குத் தண்ணீர் தெளிக்கவும். கரட், அப்பிள் துண்டு போதும். பெண்பூச்சி முட்டைக்கூடுகளை ஒவ்வொன்றாகத் தும்புக்குள் இட்டுவிட்டுப் போய்விடும். அவற்றைத் தேடியெடுக்க அரிதட்டைப் போல் வசதியான கருவி இல்லை. ஆனால் குசினி அரிதட்டைத் தொட்டால் ஆய்வு அன்றோடு முடிந்தது. குஞ்சு வளரப் பல மாதம் ஆகும், வளர்ந்தது வாழ்வதோ சில மாதமே. அவசரக்காரருக்கு உகந்ததல்ல.

குசினியில் சும்மா ஓடுவதைப் பிடித்து வளர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது ஜெர்மன் கரப்பான். பெயரை நம்பவேண்டாம்: அதன் மூதாதை சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார்ப் பக்கம் மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. ஆக இரண்டுமே நம் பக்கத்து உருப்படிகள். ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மற்றதைக் கொல்லக் காசு கொடுக்கிறார்கள்.

கொல்ல வருபவர் நம் பெட்டியையும் விட்டுவைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மருந்தடிக்கப்போவதாகக் கதவில் அறிவித்தல் ஒட்டியதும் பெட்டியைக் காருக்கு மாற்றிவிடவேண்டும். தை மாதமாயின் ஆய்வாளரும் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு கூடவே இருக்க நேரும். பெற்றோலை முதல்நாளே நிரப்பி வைக்கவும்.