மடிதாங்கி இலக்கணம்

மடிக்கணினி என்ற பெயர் மடியில் வைப்பதால் வந்ததா, மடிப்பதால் வந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. தமிழில் மடிக்குப் பொருள் ஒன்றா இரண்டா? உட்கார்ந்தவர் தொடை மேல் கிடைக்கும் இடம் மடி. வேட்டியின் இடுப்புச் சுருக்கில் சில்லறை முடிந்து வைக்கும் இடமும் மடி. பசுவுக்கு மடி, மீன்வலைக்குச் சுருக்குமடி, கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்துப் பாட்டிக்குத் தொட்டால் போய்விடும் மடி. சோம்பலும் மடி, செத்துப்போவதும் மடி. காருக்குள் ஒரு சிறு கணினியை நிலையாகவும் வெளியே தெரியாமலும் பொருத்தப் புறப்பட்டவன் இத்தனை மடியையும் ஒரே வருஷத்தில் பார்த்துவிடுவான் என்பதே இந்நூல் நுதலிய பொருள்.

நூல் செய்த காரணம் வருமாறு. மணிமுத்தாற்றில் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. அவர்களும் இந்தப் பக்கத்துப் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகிறார்கள். ஜனவரியில் தன்னார்வலர்கள் அணி அணியாகப் பிரிந்து குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். அந்தக் கிறுக்கு தொற்றிப்போய், வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தன்பாட்டுக்கு எண்ணித் திரிகிறவர்களும் உண்டு. நான் அந்த வகை.

குளக்கரையில் ஆள் நடந்து வந்தால் பறந்துவிடும் வாத்து, கார் வந்து நின்றால் பெரும்பாலும் அசைவதில்லை. ஆகவே கார்தான் மறைவிடம். உள்ளே இருந்தபடியே ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் பதிய வேண்டும். ‘நாமக்கோழி நானூற்றுப் பத்து, புள்ளிமூக்கு வாத்து முப்பத்தாறு, அரிவாள் மூக்கன் பதினெட்டு, பொறு, ஒண்ணு பறந்துட்டு, பதினேழு.’ இதை போனிலேயே பதியலாமே என்பாரும் உளர். அவர் நானூற்றுப் பத்து நாமக்கோழியை அடித்தல் திருத்தலோடு ஒருமுறை போனில் பதிந்துவிட்டு வந்து பேசுக. என் கணினிக்கு 11 அங்குலத் திரை, எடை 1.2 கிலோ. காரும் சின்னதுதான்.

தாங்கி இருவகைத்து: உயர்திணைத் தாங்கி, அஃறிணைத் தாங்கி.

உயர்திணைத் தாங்கியாவது பக்கத்துச் சீட்டில் அமர்ந்திருக்கும் உறவினன் என்க. என் வகையில் அது மைத்துனன். இத்தாங்கியின் பெருமை அளவிடற்கரியது. துளை போட வேண்டாம், போல்ட்டு வேண்டாம். திருப்பத்தில் தானே சாய்ந்து கொடுக்கும். மேடு பள்ளத்தின் அதிர்ச்சியை முழங்காலிலேயே வாங்கிக்கொள்ளும். வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் கணினியைக் கையோடு எடுத்து வரும். உலகச் சந்தையில் இதற்கு நிகரான தாங்கி இன்னும் வரவில்லை. குறை என்னவெனின், பசிக்கும். வீரவநல்லூர் தாண்டியதும் வடை கேட்கும். வேட்டித் துணி கணினியின் அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைக்க, அரைமணியில் அடிப்பாகம் தோசைக்கல் ஆகும்.

“அத்தான், தொடை வேவுது.”

“இன்னும் ரெண்டு குளந்தான் மாப்ள.”

“ரெண்டு ரெண்டுன்னு சொல்லி ஏழாச்சு. அக்காகிட்ட சொல்லிருவேன்.”

சொல்லியும் விட்டான். அன்றோடு உயர்திணை இயல் முற்றிற்று.

அஃறிணைத் தாங்கிகள் ஒட்டுவன, உறிஞ்சுவன, கவ்வுவன, செருகுவன, வேரூன்றுவன என ஐவகைப்படும். இவற்றுள் ஒட்டுவனவற்றின் தலைவன் வெல்க்ரோ. 1941இல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற பொறியாளர், நடை போய் வந்த தம் நாயின் மயிரில் ஒட்டிக்கிடந்த காய்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அவற்றின் நுனியில் இருந்த கொக்கிகளைக் கண்டுபிடித்தார். நம் ஊர்க்காரன் வரப்பில் நடந்துவிட்டு வேட்டிக் கரையில் ஒட்டிய நாயுருவியைத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்தான். செடியின் பெயரிலேயே நாயையும் வைத்தான். காப்புரிமை மட்டும் எடுக்கவில்லை. போகட்டும். கொக்கியும் கண்ணியும் கடைசி வரை விடுவதில்லை. விடுவது அவற்றின் முதுகில் தடவிய பசை. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அரைமணியில் வெளிச்சூட்டைவிட ஏறக்குறைய 20 டிகிரி கூடிவிடும். சித்திரை மாதம் சேரன்மகாதேவியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். வெல்க்ரோவின் இரு பாதிகளும் கட்டிப்பிடித்தபடியே டாஷ்போர்டிலிருந்து ஒரு சாண் இறங்கி வந்திருந்தன. பசை சைக்கிள் கடை சொல்யூஷன் மாதிரி நூல் நூலாக இழுபட்டுக் கிடந்தது.

அடுத்து உறிஞ்சுவன. இப்பெயரே பிழை. ரப்பர்க் கிண்ணம் எதையும் உறிஞ்சுவதில்லை. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பின், வெளியே உள்ள காற்று அதைக் கண்ணாடியோடு வைத்து அழுத்துகிறது, அவ்வளவே. 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத்து ஓட்டோ ஃபான் கெரிக்கே, இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்காற்றை வாங்கிவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டார். பிரியவில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ என்று கணக்கு. என் தாங்கியின் கிண்ணம் 7 சென்டிமீட்டர் விட்டம். ஆகவே ஏறக்குறைய 40 கிலோ தாங்க வேண்டும். 1.2 கிலோ எம்மாத்திரம் என்று மாஞ்சோலைச் சாலையில் ஏறினேன்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். குறைந்தாலும் 36 கிலோ மிச்சம் இருக்க வேண்டுமே எனின், அற்றன்று. கணக்கு நேராக இழுப்பதற்கு உரியது. என் கணினியோ ஒரு முழ நீளக் கையின் நுனியில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலிலும் கிண்ணத்தின் ஓரத்தை நெம்பியது. ஓரத்தில் ஒரு மயிரிழை காற்று புகுந்தால் போதும், 36 அப்படியே பூஜ்யமாகும். மாஞ்சோலை தாண்டி, நாலுமுக்கும் ஊத்தும் கடந்து குதிரைவெட்டிக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் ‘ப்ளப்’ என்று ஒரு சத்தம். மாக்டெபர்க்கில் குதிரை பூட்டியும் பிரியாதது, குதிரைவெட்டிப் பாதையில் குதிரை இல்லாமலே பிரிந்தது. கணினி ‘விழுந்து’ என்னும் வினையெச்சத்தில் நின்றது. அதை முடிக்கும் வினையை இரண்டு நாள் கழித்து ரிப்பேர் கடைக்காரர் சொன்னார்: கீல் முறிந்தது. உள்ளே சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்பதால் மூன்று மாதத்துப் பறவைகள் பிழைத்தன.

கவ்வுவன, செருகுவன பற்றி விரித்தல் மிகை. ஸ்டியரிங்கைக் கவ்வும் பலகை, நின்ற வண்டியில் சாப்பாட்டுத் தட்டு வைக்க நன்று. அதை மாட்டியபடியே வண்டியைக் கிளப்புகிறவர் இலக்கணத்துக்கு அடங்கார், கையறுநிலைக்கு உரியார். டம்ளர் குழியில் செருகும் கம்பத்தில் கணினியை வைத்தால் மூன்றாவது கியர் உண்டு, நாலாவது கிடையாது. ஏசி சன்னலில் மாட்டுவது போனுக்கு ஆகும். கணினிக்கு மாட்டினால் சன்னலும் கூடவே வந்துவிடும்.

இங்கே ஒரு தடை விடை. டாஷ்போர்டின் இடப்பக்கத்து மேற்பரப்பில் ஒரு தகடு அடித்து நிரந்தரமாக வைத்தால் என்ன? வைக்கலாகாது. புதிய மாடல் கார்களில் முன்சீட்டுப் பயணிக்கும் காற்றுப்பை கட்டாயம் என்பது 2021 முதல் விதி. மோதலில் அந்தப் பை ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் விரிந்துவிடும். அதன் மூடிமேல் எதை வைத்தாலும் அது பயணியின் முகத்துக்கு அனுப்பிய பார்சல். பை இல்லாத பழைய வண்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 1.2 கிலோ கணினி அந்தக் கணத்தில் 17 கிலோ கல்லின் கனத்தோடு முன்னே இழுக்கும். எந்தப் பசையும் எந்தக் கிண்ணமும் அதற்குப் பதில் சொல்லாது.

இனி மறைவியல்.

‘தாங்குவ தொருதிறம் மறைவ தொருதிறம்
இரண்டும் ஒருங்கே இயைதல் அரிதே’

என்பது இந்நூலாசிரியன் தானே கட்டிய சூத்திரம். உறுதியாக நிற்கும் தாங்கி ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத இடத்தில் வைத்ததோ உறுதியாக நிற்காது. இந்த முரண் தெரியாமல்தான் பலரும் காசைக் கரைக்கிறார்கள்.

யாரிடமிருந்து மறைப்பது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். பறவை முதலாவது, அதற்குத் திரை வெளிச்சத்தைக் குறைத்தால் போதும். திருடன் இரண்டாவது. மணிமுத்தாற்றில் தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் இரண்டு அணிகள் முகாமிட்டிருக்கின்றன. இங்கே திருடுவதற்குத் துணிச்சலைவிட அறியாமை அதிகம் வேண்டும். மூன்றாவது, முக்கியமானது, குரங்கு. அணைப் பூங்காப் பக்கமும் அருவிப் பக்கமும் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்துவிட்டுப் போனவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. திருடனுக்குக் கணினி என்று தெரிந்தால்தான் ஆசை. குரங்குக்கு எதுவும் தெரிய வேண்டாம். மூடி வைத்த எதுவும் அதற்குச் சாப்பாடு.

கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டிக்கொள்ளலாமே என்பது பழைய கொள்கை. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்பது விதி. பத்தமடைக் கோரைப்பாயைச் சுருட்டி மேலே சாத்துவது உள்ளூர்க் கொள்கை. பாய்க்கும் சேர்த்துத் திருடன் வருவான். அப்பளப் பெட்டிக்குள் வைத்தேன். அதைத் திருட யாரும் வரவில்லை. ஆனால் சோதனைச் சாவடியில் நின்றவர் முதல் பெட்ரோல் போட வந்த தம்பி வரை, “கல்லிடை அப்பளமா சார்? ஒரு கட்டு கிடைக்குமா?” என்று கேட்காதவர் இல்லை.

எஞ்சி நிற்பது வேரூன்றுவன. அமெரிக்கக் காவல் வண்டிகளில் கணினியைத் தாங்குவது இந்தச் சாதிதான். முன்சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டையே கழற்றி, அதனடியில் ஒரு தகட்டைக் கொடுத்துத் திரும்ப முடுக்கி, அதிலிருந்து ஒரு கம்பம் எழுப்புவது முறை. புதுத் துளை ஒன்றுமில்லை, காரை விற்கும்போது தழும்பும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் கம்பத்தின் நுனியில் ரப்பர் போர்த்திய குண்டு ஒன்றை வைத்து, இருபுறமும் கவ்வி இறுக்குகிறார்கள். இதில் பெயர்பெற்ற ராம் நிறுவனத்தின் குண்டுகள் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று அளவு அளவாக வருகின்றன. கணினிக்கு ஒன்றரைதான் தகும்.

நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

“என்ன அண்ணாச்சி, டிவி வைக்கவா?”

“இல்ல அண்ணாச்சி, லேப்டாப்பு. நாரை எண்ணதுக்கு.”

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து, சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, போல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. “இந்த நம்பர் இல்லாத போல்ட்ட எவன் குடுத்தாலும் வாங்காதிய. சீட்டு உங்க உசுரப் பிடிச்சிக்கிட்டு நிக்கிது.” மூன்று மில்லித் தகடு. அந்த மூன்று மில்லியை மரையிலிருந்து திருடியதாகிவிடக் கூடாது என்று அதே நம்பரில் சற்று நீளமான போல்ட்டைத் தேடிப் பிடித்து, ஸ்பிரிங் வாசரோடு போட்டார். கம்பம் ஒரு அங்குல ஜிஐ பைப். மேல்தட்டின் நான்கு மூலையிலும் சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டி, கணினியைப் பிடிக்க இரண்டு நாடா. அடியில் காற்றுப் போக இடைவெளி. முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் எழவில்லை. கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் தெரிவது ஒரு கறுப்புத் தட்டு மட்டும்.

இங்கேதான் சூத்திரத்துக்குப் புறனடை கிடைத்தது. தாங்கியை மறைக்கத் தேவையில்லை. அதை எவனும் தூக்கிப் போக மாட்டான், குரங்கும் தின்னாது. நாடா இரண்டையும் அவிழ்த்துக் கணினியை எடுத்துத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்க எட்டு விநாடி ஆகிறது. மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் பயம் இல்லை என்று சொன்னவர் கார் ஓட்டியிருக்க மாட்டார், ஆனால் நிறுத்தத் தெரிந்தவர்.

இப்போது வாகைக்குளத்துக்கும் விஜயநாராயணத்துக்கும் அதில்தான் போகிறோம். எண்ணுகிறவர் வலக்கைச் சீட்டில், வண்டி நின்ற பிறகு. பதிகிறவன் இடக்கைச் சீட்டில், தட்டு அவன் பக்கம் திரும்பி. மைத்துனன் திரும்பி வந்துவிட்டான். தொடை வேகாததால் வடை மட்டும் கேட்கிறான்.

இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைப்பாதையில் ஓடிய வண்டியில் அந்த போல்ட்டு மூன்று மாதத்தில் கால் சுற்று இளகியிருக்கும், என்னுடையது இளகியிருந்தது. 14ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.