குருவிக் கணக்கு

ஸ்ரீ அரவிந்தர் 1926 முதல் 1950 வரை புதுச்சேரியில் அறையை விட்டு அதிகம் வெளியே வராமல் யோகம் செய்தார். பாவம், மதிப்பெண் பார்க்க ஒரு செயலிகூட இல்லை.

நமக்கு அந்தக் குறை இல்லை. மூளை அலையை அளக்க டொரான்டோக்காரர்கள் தரும் 'மியூஸ்' பட்டையை நெற்றியில் கட்டிக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தால் போதும். மனம் அலைந்தால் காதில் புயல். அடங்கினால் குருவி கத்தும். எதிரே அசல் கடலும் மேலே அசல் காக்கையும் உண்டே என்பீர்கள். அவற்றுக்கு ப்ளூடூத் உண்டா? பக்கத்து பெஞ்சுக்காரருக்கு நாலு குருவி கூடுதல் என்றால் அன்றிரவு தூக்கம் வராது. அதுவும் சாதனைதான்.

கண்ணை மூடினாலே மூளையில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்பா அலை எழுமாம். அப்படியானால் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அரசு அலுவலகம் முழுக்கச் சித்தர்களே. பட்டை கொடுத்துப் பதவி உயர்வும் கொடுத்துவிடலாம்.

டொரான்டோ இருக்கும் அதே ஒன்டாரியோவில், 1970களில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து டாக்டர் ஏட்ரியன் அப்டன் எலுமிச்சை ஜெல்லிக்கு மின்முனை பொருத்தினார். மனித மூளை போலவே அலை வந்தது.

ஆகவே, சாலையோரத்தில் நுங்கு விற்கும் அம்மா சுளைக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.