நோ-கோ போனது, ஜாப் போனது

பீன்யா இரண்டாவது ஸ்டேஜ்,
பெங்களூர்.

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே நலம். அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை அக்கா போனிலேயே சொல்லிவிட்டாள். எனக்கு வேலை போய்விட்டது என்று அம்மா அழுததும், அத்தை ஓடிவந்து ஆறுதல் சொன்னதும், நீங்கள் பிரஸ்ஸிலிருந்து வருவதற்குள் தரகர் வந்து ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் வரிசையாக வந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து காபி வேறு குடித்தாராமே. அந்தக் காபியையாவது நிறுத்தியிருக்கலாம்.

வேலை போகவில்லை மாமா. போனது ஜாப்.

இதை அம்மாவுக்குப் போனில் விளக்கினால் அடுத்த தெருவுக்கு இன்னொரு கதை கிளம்பும். ட்ரெடில் மெஷின் காலத்திலிருந்து மை பூசிய கை உங்களுடையது, உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இவ்வளவுதான். ஷிஃப்ட் நடுவில் அம்மா போன் செய்தாள். மெஷின் சத்தத்தில் ‘சாப்பிட்டியாடா’ என்பது மட்டும் காதில் விழுந்தது. பக்கத்தில் கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன், புதுசு, துளையை கேஜ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். 25 மில்லிமீட்டர் துளை. டிராயிங்கில் ஹெச்7 என்று போட்டிருக்கும். அப்படியென்றால் 25.000-க்குக் குறையக்கூடாது, 25.021-ஐத் தாண்டக்கூடாது. நடுவில் இருக்கும் 21 மைக்ரான்தான் நமக்கு அனுமதித்த இடம், தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது. இதை ஒவ்வொரு துளைக்கும் அளந்துகொண்டிருக்க முடியாது என்பதால் இரண்டு முனை உள்ள பிளக் கேஜ் ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு முனைக்கு ‘கோ’ என்று பேர், அது துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். மறுமுனை ‘நோ-கோ’. பேருக்குத் தகுந்தபடி அது வாசலிலேயே நிற்கவேண்டும். அன்றைக்கு மெஷினில் போட்ட ஆஃப்செட் எண்ணில் ஒரு பூஜ்ஜியம் பிசகி, நோ-கோ சொந்த வீட்டுக்குள் நுழைவது மாதிரி நுழைந்துவிட்டது. பையன் அலறினான்: “அண்ணே, நோ-கோ உள்ள போயிருச்சு! ஜாப் போச்சு!”

அம்மா காதில் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் சுத்தமாக விழுந்தன. போனை வைத்துவிட்டாள்.

பீன்யாவில் ஜாப் என்றால் மெஷினில் கட்டுகிற சாமான். இரும்போ பித்தளையோ அலுமினியமோ, சக்கில் பிடித்த நிமிஷத்திலிருந்து அதற்கு அந்தப் பேர்தான். ‘ஜாப்பைக் கட்டு’, ‘ஜாப் ஓடுது’, ‘ஜாப்ல பர் இருக்கு, ஃபைல் போடு’, ‘ஜாப்பைத் துடைச்சு அடுக்கு’ என்று நாள் முழுக்க இதே பேச்சு. சூப்பர்வைசர் காலையில் வந்ததும் ‘ஊட்டா ஆய்த்தா’ (சாப்பாடு ஆச்சா) என்று ஒரு மரியாதைக்குக் கேட்பார், பதிலுக்குக் காத்திருக்காமல் ‘எஷ்டு ஜாப் ஆய்து’ (எத்தனை ஜாப் ஆச்சு) என்பார். நாம் ஒரு ஷிஃப்டில் நூறு ஜாப் முடித்தோம் என்போம். தேர்தல் சமயத்தில் லட்சம் ஜாப் தருகிறேன் என்று மேடையில் சொல்கிறவர்களும் பீன்யா கணக்கில்தான் சொல்கிறார்களோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அப்படியானால் அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டார்கள், நாம்தான் அநியாயமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஊரில் எதைச் சொன்னாலும் எந்த அர்த்தத்தில் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது. பீன்யா தொழிற்பேட்டையில் ஒன்றாவது ஃபேஸ், இரண்டாவது ஃபேஸ் என்று நாலு ஃபேஸ் உண்டு. கரண்டிலும் மூன்று ஃபேஸ் உண்டு. ‘மூணாவது ஃபேஸ்ல கரண்ட் இல்லை’ என்று ஒருவர் சொன்னால் வயரைப் பார்ப்பதா, வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவதா? எலக்ட்ரீஷியன் வயரைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் விசாரிப்பார்.

அம்மா நினைப்பது போல இது ஏதோ பட்டறைச் சந்து இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள். பக்கத்து ஜாலஹள்ளியில் 1950-களிலேயே எச்எம்டியும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் வந்துவிட்டன. நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவை யு. ஆர். ராவும் அவருடைய ஆட்களும் சேர்த்துப் பூட்டியது இதே பீன்யாவின் ஷெட்டுகளில்தான். 360 கிலோ. 1975 ஏப்ரல் 19-ஆம் தேதி சோவியத் யூனியன் கொண்டுபோய் மேலே ஏற்றியது. பீன்யா பாஷையில் அதுவும் ஒரு ஜாப். கட்டினார்கள், முடித்தார்கள், டெலிவரி கொடுத்தார்கள். இன்றைக்கும் இஸ்ரோவின் செயற்கைக்கோள்கள் எங்கே சுற்றுகின்றன என்று கண் வைத்திருக்கிற இஸ்ட்ராக் நிலையம் இங்கேதான் இருக்கிறது. நான் டீ குடிக்கப் போகிற வழி.

என் அறைத்தோழன் மானாமதுரைக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனி. அவனுக்கும் ஜாப் போகும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் போகும். ஒரு பாங்கின் கணக்கையெல்லாம் விடிவதற்குள் முடித்துவைக்கும் வேலைகளைக் கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டிருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஜாப் என்று பேர். பெரிய கம்ப்யூட்டர்களில் 1960-களிலிருந்தே அப்படித்தானாம், ஐபிஎம் அதற்கென்று தனி மொழியே வைத்திருக்கிறது. ஒன்று நின்றுவிட்டால் போன் வரும். இவன் போர்வைக்குள்ளிருந்தே ‘அந்த ஜாப்பைக் கில் பண்ணிட்டு மறுபடி ஓட விடு’ என்பான். நாங்கள் போன ஜாப்பை ஸ்கிராப்பில் போட்டு எடைக்குப் போடுகிறோம். அவனுக்கு ஒரு பொத்தானைத் தட்டினால் மறுஜன்மம். சம்பளமும் அவனுக்குத்தான் அதிகம், இதில் என்ன நியாயம் என்று தெரியவில்லை.

அவன்தான் பழைய அகராதி ஒன்றைப் போனில் எடுத்துக் காட்டினான். 1755-இல் லண்டனில் சாமுவேல் ஜான்சன் போட்டது. அதில் ஜாப் என்ற சொல்லுக்குச் சில்லறை வேலை, எப்போதாவது கிடைக்கிற துண்டு வேலை என்று பொருள் போட்டிருக்கிறது. மாதச் சம்பளம், பி.எஃப்., தரகர் விசாரிக்கிற உத்தியோகம் எதுவும் அதில் இல்லை, அதெல்லாம் பிற்பாடு ஏறியது. உங்கள் பிரஸ்ஸில் புக் வேலை தனி, ஜாப் வேலை தனி என்று பிரித்துவைத்திருக்கிறீர்களே, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் என்று, அதுதான் மூத்த அர்த்தம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ‘ஜாப் டைப்பிங்’ போர்டு மாட்டியிருக்கிறவரும் நம் கட்சி. பம்பாய் மில்களில் ஆள் சேர்த்து வேலை வாங்கியவருக்கு ஜாபர் என்று பேர், மெட்ராஸ் பக்கம் அவரே மேஸ்திரி. ஆக, சிவகாசிப் பிரஸ்ஸும் பீன்யா லேத்தும் சரியாகத்தான் சொல்கின்றன. உட்கார்ந்த நாற்காலிக்கு அந்தப் பேரை வைத்தவர்கள்தான் பின்னால் வந்தவர்கள். அம்மாவுக்கு இந்த வாதம் எடுபடாது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

சாட்சியாபுரம் சர்ச்சில் யோபு என்று படிக்கிறார்களே, அவரையும் ஆங்கிலத்தில் இதே மூன்று எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆடு மாடு, பிள்ளை குட்டி, உடம்பு என்று சகலமும் போய், கடைசியில் சொத்து மட்டும் இரண்டு மடங்காகத் திரும்பியது அவருக்கு. 14,000 ஆடு, 6,000 ஒட்டகம். எனக்கு ஒட்டகமெல்லாம் வேண்டாம், அந்தத் தரகர் ஒருவர் திரும்பி வந்தால் போதும்.

இன்னொன்று. ஜிஎஸ்டி வந்த பிறகு எங்கள் சரக்கு பாதி ‘ஜாப் வொர்க்’ சலானில்தான் ஊர் சுற்றுகிறது. ஒருவருடைய சாமானை இன்னொருவர் கடைந்தோ முலாம் பூசியோ கொடுத்தால் அது ஜாப் வொர்க். சட்டத்தின் 143-ஆவது பிரிவு சொல்வதைக் கேளுங்கள். அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வரவேண்டும், மெஷின் போன்றவற்றுக்கு மூன்று வருஷம். வராவிட்டால் அனுப்பிய அன்றைக்கே விற்றுவிட்டதாக வைத்து வரி கட்டவேண்டும். அச்சு, டை, ஜிக் போன்ற கருவிகளுக்கு மட்டும் கெடு கிடையாது. இந்தப் பிரிவை எழுதியவர் நிச்சயம் வெளியூருக்குப் பிள்ளையை அனுப்பிய தாயாகத்தான் இருக்கவேண்டும். எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டினால் அம்மாவுக்கு அது துபாய். போன தீபாவளிக்கு நான் வரவில்லை என்றதும், ‘உன்னைப் பெங்களூருக்கு வித்துட்டேன்னு நினைச்சுக்கிறேன்’ என்றாளே, அது அப்படியே 143-ஆவது பிரிவு. நான் ஜிக் என்று சொல்லித் தப்பிக்கலாம், சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடிப்பாள்.

மாமா, ஞாயிற்றுக்கிழமை நீங்களே நேரில் போய் அம்மாவிடம் சொல்லுங்கள், போனில் வேண்டாம். தரகரையும் பார்த்தால், ஜாதகத்தோடு வைக்கிற விவரத்தாளில் வேலை என்ற இடத்தில் ‘சிஎன்சி செட்டர், பீன்யா’ என்று எழுதச் சொல்லுங்கள். என்ன செட் என்று கேட்பார். சினிமா செட்டும் இல்லை, தோசைக் கடை செட்டும் இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை நான் வந்து சொல்கிறேன்.

தீபாவளிக்கு மைசூர் – தூத்துக்குடி வண்டியில் டிக்கெட் போட்டாயிற்று. விருதுநகரில் இறங்குகிறேன்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உங்கள் மருமகன்